கண்டத்தைச் சுற்றி ஒரு குடித்தனம்

ஆஸ்திரேலியாவின் 1ஆம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் நீளமானது. மாநிலங்களின் சாலைகளை ஒன்றோடொன்று கோத்து 1955இல் அவற்றுக்கு ஒரே எண்ணைக் கொடுத்தார்கள். பெரும்பாலும் கரையை ஒட்டியே ஓடும் இந்தச் சாலை கண்டத்தை வளைத்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. காரின் பின்னால் கேரவனைப் பூட்டிக்கொண்டு இதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதை அந்நாட்டார் 'பிக் லேப்' என்கிறார்கள். உள்நாட்டுக் கிளைச் சாலைகளில் புகுந்து வருவதையும் சேர்த்தால் பயணத் தொலைவு 30,000 கிலோமீட்டரை எளிதில் தாண்டிவிடும். பணி ஓய்வு பெற்றவர்கள் இதில் மிகுதி; அவர்களுக்குக் 'கிரே நோமாட்ஸ்' என்ற செல்லப்பெயரே உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகளுடன் வீட்டைப் பூட்டிவிட்டு ஓராண்டு, ஈராண்டு என்று புறப்படும் குடும்பங்களும் இன்று அதே சாலையில் ஏராளமாகப் போகின்றன. இக்கட்டுரை அந்தக் குடும்பங்களின் அன்றாடத்தைப் பற்றியது.

நடுத்தர வருமானக் குடும்பம் ஒன்று இவ்வளவு காலம் வேலையை விட்டு விலகியிருக்க உதவுவது ஒரு சட்டம். ஒரே நிறுவனத்தில் பத்து ஆண்டு வேலை பார்த்தவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பள விடுப்பு கிடைக்கும். சில மாநிலங்களில் ஏழாண்டே போதும். 19ஆம் நூற்றாண்டில் காலனி அரசின் ஊழியர்கள் கப்பலேறித் தாய்நாடான இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பப் பல மாதங்கள் ஆகும் என்பதால் ஏற்பட்ட சலுகை அது. கப்பல் பயணம் வழக்கொழிந்த பிறகும் விடுப்பு நிலைத்துவிட்டது. நிறுவனம் ஒத்துக்கொண்டால் பாதிச் சம்பளத்துக்கு எடுத்து நாளை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். மிச்சத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு, வீட்டை வாடகைக்கு விட்ட வருமானம், வழியில் கிடைக்கும் வேலை.

இந்தச் சுற்றைக் காரில் முதன்முதலாக முடித்தவராக அறியப்படுபவர் நெவில் வெஸ்ட்வுட். செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த இளைஞரான அவர் 1925இல் ஒரு சின்னஞ்சிறு சிட்ரோயன் 5சிவி காரில் பெர்த்திலிருந்து கிளம்பி, அந்த ஆண்டின் இறுதிக்குள் பெர்த்துக்கே திரும்பினார். வழியில் சாலை என்று சொல்லத்தக்கது பல இடங்களில் இல்லை. அந்தக் கார் இன்று கான்பராவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தெற்கே நல்லர்பார் சமவெளியைக் கடக்கும் அயர் நெடுஞ்சாலைக்கு முழுவதும் தார் போட்டு முடித்ததே 1976இல்தான். பிள்ளைகளோடு நிம்மதியாகச் சுற்றக்கூடிய காலம் வந்து ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன.

புறப்படுவதற்கு முன் குடும்பம் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் எடை. இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஏற்ற கேரவன் ஆறு ஏழு மீட்டர் நீளமிருக்கும். அகலம் இரண்டரை மீட்டருக்குள். அதை இழுப்பதற்குப் பெரும்பாலும் 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி பெற்ற டீசல் ஜீப் அல்லது பிக்அப் வண்டி. கேரவனின் வெற்று எடைக்கும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்கும் இடையே சாமானுக்கென்று மிஞ்சுவது பல வண்டிகளில் 400 முதல் 600 கிலோதான். இரண்டு தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தால் அதிலேயே 190 கிலோ போய்விடும். இரண்டு கேஸ் சிலிண்டர், துணிமணி, பாத்திரம், பாடப்புத்தகம், சைக்கிள், மடக்கு நாற்காலி எல்லாம் மீதிக்குள் அடங்க வேண்டும். ஆகவே எடைமேடையில் வண்டியை ஏற்றிப் பார்க்காமல் விவரமறிந்தவர்கள் கிளம்புவதில்லை. எடை மிஞ்சினால் காப்பீட்டுக்காரர் கைவிரிக்கலாம்.

எடையைப் போலவே அது எங்கே உட்கார்கிறது என்பதும் முக்கியம். மாட்டுவண்டியில் முன்பாரம் பின்பாரம் பார்ப்பதைப் போலவே இங்கும் பார்க்க வேண்டும். கேரவனின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் அழுந்த வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. பின்பாரம் கூடினால் வேகத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையும் சேர்த்துச் சாலையை விட்டு எறிந்துவிடக்கூடியது. பிள்ளைகளின் சைக்கிள்களைப் பின்பக்கத்தில் தொங்கவிடலாமா என்ற சிறு கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. எனவே ஒவ்வொரு பொருளும் இது வேண்டுமா என்ற விசாரணைக்கு உட்பட்டே உள்ளே வருகிறது. பல குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெட்டி என்பது சட்டம். பெட்டி மூடாவிட்டால் எதையாவது எடுத்துவிட வேண்டியதுதான்.

உள்ளே ஒரு முனையில் பெற்றோரின் படுக்கை. மறுமுனையில் பிள்ளைகளுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அல்லது மூன்று பெர்த், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஜன்னல், ஒரு விளக்கு, ஒரு திரை. நடுவில் நாலு பேர் நெருக்கி உட்காரும் மேசை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கைக்குட்டை அளவு வாஷிங் மெஷின், குளியலறை. ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் கடக்க வேண்டுமானால் சமைப்பவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். குடும்பத்தின் உண்மையான கூடம் வெளியே இருக்கிறது. கேரவனின் பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் படுதாவின் நிழலில் பாய், நாற்காலி, மடக்கு மேசை எல்லாம் பரப்பிக்கொள்கிறார்கள். சாப்பாடு, பாடம், வேலை, விளையாட்டு, சண்டை, சமாதானம் யாவும் அங்கேதான். மழை மூன்று நாள் விடாமல் பெய்தால்தான் எல்லோரும் உள்ளே அடைபட நேர்கிறது. பயணத்தின் கடினமான நாள்கள் அவைதாம்.

திசையை முடிவுசெய்வது வானிலை. வடபகுதி வெப்பமண்டலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழைக்காலம், புயலும் வெள்ளமும் சாலையை மூடிவிடும். தென்கோளம் ஆதலால் மே முதல் செப்டம்பர் வரை தெற்கே குளிர். அதே மாதங்களில் வடக்கே வானம் தெளிந்து, பகல் 30 பாகையை ஒட்டி இதமாக இருக்கும். ஆகவே மெல்பர்ன், சிட்னி பக்கத்துக் குடும்பம் இலையுதிர் காலத்தில் கிழக்குக் கரையோரமாக வடக்கே ஏறி, குளிர்காலத்தை வடக்கே கழித்து, வசந்தத்தில் மேற்குக் கரையில் இறங்கி, கோடையில் தென்கரை வழியாக வீடு திரும்புகிறது. வலசை போகும் பறவைக்கும் இவர்களுக்கும் நாள்காட்டி ஒன்றுதான். எல்லாரும் அதே கணக்கில் நகர்வதால் ஒரே குடும்பங்கள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்துக்கொள்கின்றன. இதன் பயன் பிள்ளைகளுக்கே அதிகம்.

கிழக்குக் கரை பயிற்சிக் களம். பிரிஸ்பேனிலிருந்து கெயின்ஸ் வரை ஏறத்தாழ 1,680 கிலோமீட்டர் ஓடும் புரூஸ் நெடுஞ்சாலையில் ஊர்கள் நெருக்கமானவை. கடை, மருத்துவர், மெக்கானிக் எதற்கும் தவிக்க வேண்டாம். ஊருக்கு ஊர் இருக்கும் கேரவன் பார்க்கில் மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், பொதுச் சமையற்கூடம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கென்று காற்றடைத்த பெரிய குதிமெத்தை ஒன்று தரையோடு தரையாகப் பதித்திருக்கும்; புதிய ஊரில் முதல் நட்பு அதன் மேல்தான் தொடங்குகிறது. கணவன் மனைவிக்கோ முதல் சோதனை கேரவனைப் பின்னோக்கி ஓட்டி இடத்தில் நிறுத்துவது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் கேரவன் மறுபக்கம் திரும்பும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் நின்று கைகாட்ட, சுற்றிலும் அனுபவசாலிகள் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, வார்த்தை தடிப்பது எளிது. கையடக்க வாக்கி டாக்கி வாங்கி, இடம் வலம் என்ற சொற்களை விட்டுவிட்டு 'ஓட்டுநர் பக்கம்', 'பயணி பக்கம்' என்று பேசப் பழகியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை படிந்துவிடும்: கொக்கி மாட்டுபவர், மட்டம் பார்ப்பவர், தண்ணீர்க் குழாய் இணைப்பவர், உள்ளே அலமாரிகள் பூட்டியிருக்கின்றனவா என்று தள்ளிப் பார்ப்பவர். கடைசி வேலை பெரும்பாலும் இளைய பிள்ளைக்கு. அதை மறந்தால் அடுத்த ஊரில் கதவைத் திறக்கும்போது தரை முழுக்க அரிசியும் தட்டுகளும் கிடக்கும் என்பதால், அந்தப் பிள்ளை அதைப் பெருமையோடு செய்கிறது.

டவுன்ஸ்வில்லில் கடலை விட்டு மேற்கே திரும்பினால் நிலம் மாறுகிறது. மவுண்ட் ஐசா வரை ஏறக்குறைய 900 கிலோமீட்டர்; ஊர்கள் அரிதாகின்றன. வழியில் உள்ள கிளான்கரி சிற்றூரில்தான் 1928 மே மாதம் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. அந்தச் சேவை இன்றும் நாடு முழுவதும் இயங்குகிறது. மருத்துவமனை ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இடங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பெற்றோருக்கு அதுவே தைரியம். 53.5 மீட்டர் நீளம் வரை மூன்று நான்கு பெட்டிகளை இழுத்து வரும் ரோடு ட்ரெயின் லாரிகளும் இங்கேதான் பழக்கமாகின்றன. லாரிக்காரர்கள் ரேடியோவில் 40ஆம் சேனலில் பேசுவார்கள், கேரவன்காரர்களுக்கு 18. பின்னால் வரும் லாரியிடம் முந்திச் செல்லச் சொல்லி, தான் வேகத்தைக் குறைத்துக்கொள்வது இச்சாலையின் மரியாதை. மாலை மங்கியபின் கங்காருகள் சாலைக்கு வந்துவிடும் என்பதால் பிள்ளைகளோடு வருபவர்கள் நாலு மணிக்குள் நிறுத்திவிடுகிறார்கள். இதனால் குடும்பத்துக்கு நீண்ட மாலைப்பொழுது கிடைக்கிறது. நகர வாழ்க்கையில் அரிதாகிப்போன பொழுது அது.

மவுண்ட் ஐசாவைத் தாண்டி, த்ரீ வேஸ் சந்திப்பிலிருந்து தெற்கே 530 கிலோமீட்டர் கிளைப் பயணம் போனால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அங்கே 1951இல் தொடங்கிய வானொலிப் பள்ளி, அதாவது 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்', கேரவன் பிள்ளைகள் ஆவலோடு பார்க்கும் இடம். மேய்ச்சல் பண்ணைகளில் தனித்து வாழும் பிள்ளைகளுக்கு வானொலி வழியே பாடம் சொன்ன பள்ளி அது. இன்று செயற்கைக்கோள் வழியே 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவிய மாணவர்களுக்குக் கற்பிக்கிறது. தொலைவிலிருந்து படிப்பது இந்த நாட்டுக்குப் பழகிய ஏற்பாடு என்பதால்தான் ஊர் சுற்றும் குடும்பத்தின் படிப்புக்கும் வழி பிறந்தது. கட்டாயக் கல்விச் சட்டம் சாலையில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். எனவே சொந்த மாநிலத்தின் தொலைக்கல்விப் பள்ளியில் சேர்க்க வேண்டும், அல்லது வீட்டுக் கல்விக்கு முறையாகப் பதிவு செய்ய வேண்டும். குறுகிய பயணமானால் படித்துக்கொண்டிருக்கும் பள்ளியிடமே அனுமதி பெற்றுச் செல்லலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

தொலைக்கல்வியில் ஆசிரியரும் பாடத்திட்டமும் கெடுவும் உண்டு. ஒழுங்கு கிடைக்கும், ஆனால் இணையம் இல்லாத இடத்தில் தங்கவிடாது. வீட்டுக் கல்வியில் சுதந்திரம் மிகுதி. பொறுப்பு முழுவதும் பெற்றோர் தலையில். எதுவானாலும் காலை உணவு முடிந்ததும் இரண்டு மணி நேரம் பாடம், பிறகுதான் குளியலும் கடலும் என்ற வழக்கம் வைத்துக்கொண்ட குடும்பங்களில்தான் படிப்பு நிற்கிறது. ஓட்டும் நாளில் படிப்பதாகத் திட்டமிட்டவர்கள் மிக விரைவில் கைவிடுகிறார்கள். கணக்கும் எழுத்தும் மேசையில் உட்கார்ந்து கற்க வேண்டியவை. இவற்றைச் சாலை கற்பித்துவிடும் என்று நம்புவது தவறு. நிலவியலும் உயிரியலும் வரலாறும் வேறு கதை. உலுரு பாறையின் அடியில் நிற்கும் பிள்ளைக்கு, அந்த நிலம் 1985 அக்டோபர் 26இல் அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டதையும், அவர்கள் புனிதமாகக் கருதும் அந்தப் பாறையின் மேல் ஏறுவது 2019இல் அதே அக்டோபர் 26 முதல் நிறுத்தப்பட்டதையும் சொன்னால், நிலவுரிமை என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

மீண்டும் வடக்கே ஏறினால் மட்டரங்கா. ஆண்டு முழுவதும் 34 பாகை வெப்பத்தில் தெளிந்த நீர் ஊறும் வெந்நீர்ச் சுனை, சுற்றிலும் பனைமரங்கள். பல குடும்பங்கள் இங்கே இரண்டு நாள் என்று வந்து ஒரு வாரம் தங்கிவிடுகின்றன. அதற்கப்பால் காதரீன், காக்கடூ. ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர் பரந்த காக்கடூ தேசியப் பூங்காவில் உபிர் பாறை ஓவியங்கள் முன் நிற்கும்போது மீனும் ஆமையும் கங்காருவும் பிள்ளைகளுக்குச் சட்டென்று அடையாளம் தெரிகின்றன. இங்கே கண்டிப்பான ஒரே விதி முதலை பற்றியது. பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், குளிக்கலாம் என்று பூங்காக்காரர்கள் சொல்லாத நீர்நிலையில் காலை வைக்கக் கூடாது; கரையிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பெற்றோர் விதி விதித்தால் முரண்டு பிடிக்கும் பிள்ளைகள்கூட, ஆற்றில் மிதக்கும் உப்புநீர் முதலை ஒன்றை ஒருமுறை பார்த்தபின் தம்பி தங்கைகளுக்குத் தாங்களே காவலாகிவிடுகிறார்கள்.

மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் சோதனைச் சாவடி. பழ ஈ முதலிய பூச்சிகள் புகாதிருக்கப் பழம், காய்கறி, தேன், விதை எதையும் கொண்டுசெல்ல விடமாட்டார்கள். எல்லைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே குடும்பத்தின் சாப்பாடு மாறிவிடும். மிஞ்சிய காய் எல்லாம் குழம்பாகவும் சூப்பாகவும் மாறும். ஆப்பிள்கள் சாவடிக்கு முந்தைய ஓய்விடத்தில் அவசரமாகத் தீரும். எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னே போகிறது. பிள்ளைகளுக்குப் பசியும் தூக்கமும் பழைய கணக்கிலேயே இருக்க, சில நாள் விடியும் முன்பே மொத்தக் குடும்பமும் விழித்துக் கிடக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வட பகுதிகளான கிம்பர்லியும் பில்பராவும் இந்தப் பயணத்தின் நடுநாயகம். இங்கே கேரவன் பார்க்குகள் குறைவு, கட்டணம் அதிகம்; குடும்பங்கள் ஆற்றங்கரையிலும் சாலையோர ஓய்விடங்களிலும் பண்ணைகளிலும் தங்குகின்றன. குழாய் கிடையாது, மின் இணைப்பு கிடையாது. வீட்டில் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்திருக்கும் தண்ணீரும் மின்சாரமும் சாக்கடையும் இங்கே கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகின்றன. கேரவன் வாழ்க்கை குடும்பத்துக்குச் செய்யும் பெரிய காரியம் இதுவே. மெல்பர்ன் நகரத்தில் பல ஆண்டுகளாக மக்கள் முன் வைக்கப்பட்ட சிக்கன இலக்கே ஆளுக்கு நாளொன்றுக்கு 155 லிட்டர். இங்கே நாலு பேருக்கு மூன்று நான்கு நாளைக்குச் சேர்த்தே 190 லிட்டர். குளிக்கும்போது உடலை நனைத்ததும் குழாயை மூடி, சோப்புப் போட்டபின் திறப்பது. பாத்திரத்தைத் துடைத்துவிட்டுக் கழுவுவது. அரிசி கழுவிய நீரில் தட்டை அலசுவது. தொட்டியின் அளவு காட்டும் சிறு விளக்குகளைக் காலையில் எழுந்ததும் பார்த்துச் சொல்வது ஒரு பிள்ளையின் வேலை. எட்டு வயதில் வீட்டின் தண்ணீர்க் கணக்கு தெரிந்த பிள்ளையை நகரத்தில் காண்பது அரிது.

மின்சாரமும் அப்படியே. கூரையில் சோலார் பேனல்கள், கட்டிலுக்கடியில் 200 ஆம்பியர்-மணி அளவில் ஒன்றிரண்டு லித்தியம் பேட்டரிகள். ஃப்ரிட்ஜ், விளக்கு, தண்ணீர் பம்ப், லேப்டாப் ஓடும். ஏர் கண்டிஷனர் வைத்தால் சில மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். வெயிலில் நிறுத்தினால் மின்சாரம், நிழலில் நிறுத்தினால் குளிர்ச்சி. இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பதை ஒவ்வொரு முகாமிலும் கூடிப் பேசி முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. கழிவறைக்கு அடியில் இருபது லிட்டர் அளவுள்ள கழிவுப் பெட்டி. நாலு பேர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். அதை வெளியே இழுத்து, சக்கரத்தில் உருட்டிச் சென்று, அதற்கென்று உள்ள பொதுக் கொட்டிடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். வேறெங்கும் கொட்டுவது சட்டப்படி குற்றம். வீடுகளில் பெண்களின் தலையிலேயே விழுந்துகொண்டிருந்த துப்புரவு வேலைகளில் இந்த ஒன்று பெரும்பாலும் ஆண்கள் கைக்கு வந்திருப்பது நல்ல மாற்றம்.

புரூமில் கேபிள் கடற்கரை 22 கிலோமீட்டர் நீளம். கடலின் ஏற்றவற்றம் பத்து மீட்டர் வரை போகும். முழுநிலா நாளை ஒட்டிய இரவுகளில், வற்றிய சேற்றுப் பரப்பில் நிலவொளி படிப்படியாக விழுந்து ஏணி போலத் தெரியும் காட்சிக்கு ஊரே திரளும். அதற்குத் தெற்கே கரிஜினியின் செங்குத்துப் பள்ளத்தாக்குகள், 2011இல் உலகப் பாரம்பரியச் சின்னமான நிங்கலூ பவளத்திட்டு. கரையிலிருந்து நீந்தியே பவளத்தை அடையலாம் என்பதால், நீந்தத் தெரியாமல் புறப்பட்ட பிள்ளைகளும் முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மீன் பெயர் சொல்லும் அளவுக்கு இங்கே வந்துசேர்கிறார்கள்.

இந்த இடங்களில்தான் முன்பு சொன்ன நட்பு முற்றுகிறது. மட்டரங்காவில் பார்த்த குடும்பம் புரூமில் மறுபடி கண்ணில் படும். நிங்கலூவில் பக்கத்து இடத்திலேயே நிறுத்துவார்கள். ஏழு வயதும் பதின்மூன்று வயதும் ஒரே கூட்டமாக விளையாடுவது, வயதுவாரியாக வகுப்பு பிரித்த பள்ளியில் காணமுடியாதது. அதே நட்புக்கு ஒரு துயரமும் உண்டு. இரண்டு வாரத்தில் நெருங்கியவர்களுக்கு மூன்றாம் வாரம் கையசைத்து விடைகொடுக்க வேண்டும். சில பிள்ளைகள் ஒரு கட்டத்தில் புதியவர்களோடு சேர மறுத்து, கேரவனுக்குள் போய்த் திரையை இழுத்துக்கொள்கிறார்கள். அதைச் சோம்பல் என்றோ அடம் என்றோ எடுத்துக்கொள்ளாமல், ஓரிடத்தில் ஒரு மாதம் தங்கி ஆற விடுவதே சரி.

பணம் பெரும்பாலும் மேற்குக் கரையில்தான் மெலியத் தொடங்குகிறது. கேரவனைப் பூட்டியதும் டீசல் செலவு ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கூடும். தொலைதூரச் சாலையோர எரிபொருள் நிலையங்களான ரோடுஹவுஸ்களில் விலையும் ஏற்றம். வேலைக்குப் பஞ்சமில்லை. செவிலியருக்கும் ஆசிரியருக்கும் உள்நாட்டு ஊர்கள் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. மெக்கானிக், எலக்ட்ரீஷியன் போன்ற கைவேலைக்காரர்களுக்குக் கேரவன் பார்க்கிலேயே வேலை வந்துசேரும். மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமை அறுவடை அக்டோபர் வாக்கில் தொடங்கும்போது தானியக் கொள்முதல் நிலையங்களுக்குத் தற்காலிக ஆள் எடுப்பார்கள். தாயோ தந்தையோ இரண்டு மாதம் அங்கே உழைத்து அடுத்த பகுதிக்கான செலவைச் சேர்த்துவிடலாம். 2021இல் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்தபின் கணினி வேலை செய்பவர்கள் பாலைவனத்தில் இருந்தும் அலுவலகக் கூட்டத்தில் கலந்துகொள்கிறார்கள். ஆனால் முழுநேர வேலையைக் கூடவே இழுத்துச் செல்பவரின் குடும்பத்துக்கு அந்தப் பெற்றோர் கிடைப்பதே இல்லை. பயணத்தின் நோக்கமே குடும்பமாயிருந்தால், வாரம் மூன்று நாளுக்கு மேல் வேலை வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது.

பெர்த்தில் வண்டிக்குச் சர்வீஸ், பிள்ளைகளுக்குப் பல் மருத்துவர், தேய்ந்த டயர் மாற்றம். பிறகு தென்மேற்கின் காடுகள், எஸ்பெரன்ஸின் வெண்மணல், நார்ஸ்மனில் தொடங்கி செடூனா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நல்லர்பார். பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. சாலையிலேயே வெள்ளைக் கோடுகள் போட்டுப் பறக்கும் மருத்துவரின் விமானம் இறங்க ஓடுபாதை குறித்திருக்கிறார்கள். பலடோனியா ரோடுஹவுஸிலுள்ள அருங்காட்சியகத்தில் 1979இல் வானிலிருந்து விழுந்த ஸ்கைலாப் விண்கூடத்தின் கதை இருக்கிறது. யூக்ளாவைச் சுற்றிய சிறு பகுதிக்கு மட்டும் கடிகாரம் முக்கால் மணி நேரம் மாறும். கல்கூர்லியிலிருந்து செடூனா வரை ஊருக்கொரு குழியாக 18 குழிகளை 1,365 கிலோமீட்டருக்குப் பரப்பிய கோல்ஃப் மைதானம் ஒன்று 2009 முதல் இருக்கிறது. பிள்ளைகளை அலுப்பில்லாமல் கடத்திச் செல்ல இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. தண்ணீர் இங்கே மிகவும் அரிது; ரோடுஹவுஸில் கேட்டால் தொட்டியை நிரப்பித் தரமாட்டார்கள், நார்ஸ்மனிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். செடூனாவில் மறுபடியும் பழச் சோதனை. அதைத் தாண்டினால் அடிலெய்ட், பெருங்கடல் சாலை, நேரமிருப்பவர்களுக்கு ஜீலாங்கிலிருந்து டாஸ்மேனியாவுக்குக் கப்பல்.

இவ்வளவுக்கும் இடையில் கணவன் மனைவி தனியாகப் பேசிக்கொள்ள இடமில்லை என்பது இந்த வாழ்க்கையின் மெய்யான குறை. தாத்தா பாட்டி, சித்தி, அத்தை என்று பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இருபத்துநாலு மணி நேரமும் பெற்றோரே எல்லாமுமாக இருப்பது களைப்பைத் தரும். தாத்தா பாட்டியை விமானத்தில் புரூமுக்கோ டார்வினுக்கோ வரவழைத்து இரண்டு வாரம் கூட வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் அந்தச் செலவை வீண் என்று சொல்வதில்லை. பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்த நெருக்கம் மேலும் கடினம். தனியறை வேண்டும், தன் வயது நண்பர்கள் வேண்டும், உயர்நிலைத் தேர்வுகள் நெருங்குகின்றன. பல குடும்பங்கள் அவர்களுக்கென்று வெளியே ஒரு சிறு கூடாரம் அடித்துக் கொடுக்கின்றன. அது ஓரளவே உதவும்.

ஊர் திரும்பியபின் பிள்ளைகள் பெரும்பாலும் வகுப்பில் பின்தங்காமல் சேர்ந்துகொள்கிறார்கள். நாலு சுவருக்குள் நாள் முழுவதும் உட்காருவதுதான் சில வாரம் பிடிக்காமல் போகிறது. பெற்றோருக்கு வீடு மிகப் பெரிதாகத் தெரியும், சாமான் மிகையாகத் தெரியும். கேரவனைப் பலரும் விற்றுவிடுகிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

இந்தப் பயணம் ஐந்து வயதுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கே மிக நன்றாகப் பொருந்தும். முழுச் சுற்றுக்கு ஓராண்டாவது வேண்டும். மூன்று மாதம்தான் உண்டென்றால் கிழக்கோ மேற்கோ ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோரிடத்திலும் நின்று நிதானித்துப் போவதே மேல். நாளுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிச் சுற்றை முடித்த பிள்ளைகளுக்குக் காரின் பின்னிருக்கைதான் நினைவில் இருக்கும்.